கசந்த தேங்காய்ப்பால்

ஜனவரி 9

சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நானாகவே எடுத்துக்கொள்கிறேன். ஐந்து மாதமாக உங்கள் தீவிலிருந்து ஒரு வார்த்தை இல்லாதபோது வேறென்ன செய்வது?

ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மோட்டார்களுக்குப் பக்கத்தில் நின்றதில் எனக்குக் காது மந்தம். ஃபோனில் பேசினால் கத்திவிடுவேன். கீழ்மாடித் தையல்காரர் வரைக்கும் கேட்கும். நான் உங்களுக்கு எழுதுவது உங்கள் மகளுக்குத் தெரிய வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் நீங்கள் வந்திருந்தீர்கள். உங்களுக்காக உங்கள் மகள் உங்கள் தீவு முறையில் தேங்காய்ப்பால் மீன் குழம்பு வைத்தாள். என் அக்காவும் தையல்காரரும் அவர் மனைவியும் சாப்பிட வந்திருந்தார்கள். நீங்கள் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னால், "இது என் கை இல்ல. எங்கிட்ட கத்துக்கிட்டேன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதே" என்றீர்கள். இரண்டு நாள் முன்கூட்டியே கிளம்பியும் போனீர்கள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் என்ன நடக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. அவள் வந்த மூன்று வருடத்தில் பருப்பில் தேங்காய்ப்பால் வந்திருந்தது. வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் எலுமிச்சைத் தோலைச் சீவிப் போடுவாள். என் மகனின் மதிய டப்பாவில் மிளகு தூவிச் சுட்ட அன்னாசி இருக்கும். ஒரே இலையில் கிராம்பும் பட்டையும் மணக்குமே சர்வசுகந்தி, அது ஜன்னலோரத் தொட்டியில் வளர்ந்தது. இப்போது தொட்டி காய்ந்து கிடக்கிறது. பருப்பு வெறும் பருப்பு. உருளைக்கிழங்கு வெறும் உருளைக்கிழங்கு. என் மகன் பாக்கெட்டைப் பிரித்துச் சாப்பிடுகிறான். அவள் யாரிடமும் சண்டை போடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போகிறாள், வருகிறாள், வேகவைக்கிறாள்.

இதற்கெல்லாம் காரணம் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை. நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை.

அந்தக் குழம்பை நானே வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அளவுகளைக் கிராமில் எழுதி அனுப்பவும். அப்படியே, அந்தக் குழம்பு எதனால் கசக்கும் என்றும் எழுதவும். பொதுவாகத்தான் கேட்கிறேன்.

உங்கள் மகளின் மாமனார்


ஜனவரி 27

சம்பந்தி ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் மழையில் ஊறித்தான் வந்து சேர்ந்தது. ஆனால் அதிலிருந்த குற்றச்சாட்டு ஒன்றுகூட அழியவில்லை.

என்னிடம் கிராம் கிடையாது. துறைமுகப் பட்டறையில் நூற்றிருபது பேருக்கு மதியச் சாப்பாடு போடுகிறவள் நான். நிறுத்துப் பார்த்துக்கொண்டு நின்றால் அவர்கள் என்னை நிறுத்துவிடுவார்கள். கேட்டதற்காகச் சொல்கிறேன்.

மீனை எலுமிச்சையும் உப்பும் தடவி அரை மணி வையுங்கள். பிறகு கழுவிவிடுங்கள். இஞ்சி, பச்சை மிளகாய், வெங்காயத்தாள் மூன்றையும் கொஞ்சம் எண்ணெயில் வாசனை வரும்வரை வதக்குங்கள். தேங்காயின் இரண்டாம் பாலை ஊற்றி வாழைக்காயையும் கறிப்பலாவையும் வேகவிடுங்கள். அங்கே கறிப்பலா கிடைக்காது, உருளைக்கிழங்கு போதும். சர்வசுகந்தி இலை இரண்டு. காய் வெந்ததும் மீன். மீன் வெந்ததும் முதல் பால். முதல் பால் சூடாக வேண்டும், கொதிக்கக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு, பழுத்த அன்னாசியை வேகவைக்காமல் பச்சையாகவே பொடியாக நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து மூடுங்கள். கால் மணி நேரம் யாரும் மூடியைத் தொடக் கூடாது.

எதனால் கசக்கும் என்று பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருடத்தில் என் சட்டி கசந்ததில்லை. பொதுவாகவும் கசந்ததில்லை.

இன்னொன்று. நான் சொன்னதை எழுதினீர்கள், நீங்கள் சொன்னதை எழுதவில்லை. நான் கரண்டியைக் கீழே வைத்ததும், "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே. உங்க ஊர்ச் சாப்பாடே இப்படித்தான்னு நெனச்சேன்" என்றவர் நீங்கள்தானே? கசந்து திரிந்த ஒன்றைப் பார்த்து எங்கள் ஊர்ச் சாப்பாடு இப்படித்தான் என்றீர்கள். நான் இரண்டு நாள் முன்கூட்டியே கிளம்பியதற்கு என் மகளை மட்டும் காரணமாக்க வேண்டாம்.

அவள் எனக்கு ஃபோன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. அவளுடைய பிடிவாதம் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்


பிப்ரவரி 14

சம்பந்தியம்மாவுக்கு,

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். அதை இப்போது விடுங்கள்.

நீங்கள் எழுதிய முறைப்படி மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்றும் மதிய நேரத்தில், அவள் கடையில் இருக்கும்போது. நான் யாரிடமும் சமையல் படித்தவன் இல்லை. லிஃப்ட் வேலையையும் யாரிடமும் படிக்கவில்லை. பழுதான மோட்டாரைப் பிரித்து, திரும்பப் பூட்டி, மிச்சம் வந்த திருகைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மனைவி போய்ப் பதினொரு வருடம் ஆகிறது; மருமகள் வரும்வரை எட்டு வருடமும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் படித்தே சமைத்தேன். நான்கு பதார்த்தம் தெரியும். நான்கும் ஒரு நாளும் தவறியதில்லை.

முதல் தடவை தேங்காய் துருவும்போது விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டேன். பால் பிழியத் துணி வேண்டுமென்று நீங்கள் எழுதவில்லை. கையால் பிழிந்ததில் சக்கையெல்லாம் குழம்பில் மிதந்தது. இரண்டாம் தடவை முதல் பால் கொதித்து எண்ணெய் பிரிந்துவிட்டது. மூன்றாம் தடவை அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். சரியாக வந்தது. முதலில் புளிப்பு, பிறகு காரம், கடைசியில் அன்னாசியின் இனிப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த இலையின் மணம். கொஞ்சம்கூடக் கசக்கவில்லை. அவள் வருவதற்குள் சட்டி முழுவதையும் நான் ஒருவனே சாப்பிட வேண்டியதாயிற்று. ஜன்னல்களைத் திறந்துவைத்து, பாத்திரத்தைக் கழுவி, ஸ்பேனரைத் துடைப்பதுபோல் ஈரம் போகத் துணியால் துடைத்துக் கவிழ்த்துவைத்தேன். அது என் பழக்கம்.

ஆகையால் உங்கள் முறையில் குற்றம் இல்லை என்று நான் ஒப்புக்கொள்கிறேன். இனி நீங்கள் பெருந்தன்மையாக உங்கள் மகளுக்கு ஒரு வரி எழுதிப்போட்டால் இந்த விவகாரம் முடிந்துவிடும். பெரியவர் விட்டுக்கொடுப்பதில் தவறில்லை.

அவள் மாமனார்


மார்ச் 1

சம்பந்தி ஐயாவுக்கு,

பெரிய உதவி செய்தீர்கள்.

இந்த ஏழு மாதமும் எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. அங்கே மீன் வேறாக இருக்கலாம், தேங்காய் முற்றல் போதாமல் இருக்கலாம், நான்தான் சொல்லிக்கொடுத்ததில் எதையோ விட்டிருக்கலாம், அநியாயமாகப் பெண்ணைப் பேசிவிட்டோம் என்று. அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் அந்த நினைப்புத்தான்.

இப்போது அது தீர்ந்தது. அதே ஊர், அதே கடை, அதே அடுப்பு. ஒரு லிஃப்ட் மெக்கானிக் மூன்றாம் தடவையிலேயே சரியாக வைத்துவிட்டார். பதினாறு வருடம் என் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு வரவில்லை என்றால், அவள் மனசு வைக்கவில்லை என்றுதான் அர்த்தம். நான் சொன்னது சரிதான்.

உங்கள் கடிதத்தையே அவளுக்கு அனுப்பிவைக்கப் போகிறேன். மாமனாருக்கு வருகிறது, உனக்கு வரவில்லையா என்று படித்துத் தெரிந்துகொள்ளட்டும். உங்கள் கடிதம் என்பதால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். பதில் வரும்வரை வைத்திருப்பேன். மாதம் முடிந்தால் தபாலில் போட்டுவிடுவேன்.

மருமகளைப் பெற்றவள்


மார்ச் 12

சம்பந்தியம்மா,

அனுப்பாதீர்கள்.

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றில் நியாயம்தான் நிறைய இருந்தது. இதில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அன்று அவள் குழம்பு வைத்து, அடுப்பை அணைத்து, மூடிவிட்டுக் குளிக்கப் போனாள். "மாமா, கால் மணி நேரம் யாரும் மூடியத் தொடாம பார்த்துக்கங்க" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள். நீங்கள் மொட்டை மாடியில் இருந்தீர்கள். என் அக்கா அப்போதுதான் படியேறி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சி, "அடேயப்பா! உன் பொண்டாட்டி போனப்புறம் இவ கையிலதான்டா இந்த வீட்ல சமையல் வாசனை வருது" என்றாள்.

அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் குத்தியது. இடையில் எட்டு வருடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அந்த அடுப்பில் நான் காய்ச்சியது, வறுத்தது எல்லாம் வாசனையே இல்லையா?

சமையலறைக்குப் போனேன். மூடியைத் திறந்தேன். அவ்வளவு பேருக்குக் குழம்பு தண்ணீராக இருக்கிறது, இந்தப் பெண்ணுக்கு அனுபவம் போதாது, நாம் சரி செய்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்பதற்கு நல்ல காரணம்தான். காய்ச்சி வைத்திருந்த மாட்டுப் பால் அரை லிட்டர் இருந்தது. அப்படியே ஊற்றினேன்.

கிளறக் கிளறத் திரிந்தது. எலுமிச்சை பிழிந்த குழம்பில் பாலை ஊற்றினால் திரியும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு அந்த நிமிடம் தெரியவில்லை. பிறகு சோளமாவைக் கரைத்து ஊற்றி, சர்க்கரை போட்டு, அடுப்பை மறுபடி பற்றவைத்துக் கொதிக்கவிட்டேன். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் வந்ததும் அணைத்து, மூடி, பால் பாத்திரத்தைக் கழுவிவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். கசப்பு ஏன் வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. அதனால்தான் உங்களிடம் பொதுவாகக் கேட்டேன்.

நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தபோது உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடத்தில்தான் உங்கள் ஊர்ச் சாப்பாடு இப்படித்தான் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடித்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இதற்கும் மேல் குறைவதற்கு என்ன இருக்கிறது? அவள் சமையலில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. எலுமிச்சைத் தோல் போட்ட அந்த உருளைக்கிழங்கை, எல்லோரும் எழுந்து போன பிறகு சட்டியோடு வழித்துச் சாப்பிட்டிருக்கிறேன். மூன்று வருடத்தில் ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. கேட்டால் "ம்" என்பேன்.

என் கடிதத்தை அவளுக்கு அனுப்பாதீர்கள். இதை வேண்டுமானால் அனுப்புங்கள். வேண்டாம், இதையும் அனுப்பாதீர்கள்.


மார்ச் 27

சம்பந்தி ஐயாவுக்கு,

படித்துவிட்டு உங்கள் கடிதத்தை மிளகாய் டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டேன். நூற்றிருபது பேருக்கும் பரிமாறி முடித்த பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது உங்கள் மேல் வந்த கோபம் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி யார் மேல் என்று சொல்கிறேன்.

வேகாத அன்னாசி மாட்டுப் பாலோடு சேர்ந்தால் கசக்கும். எங்கள் பட்டறையில் பாத்திரம் கழுவுகிற பெண்ணுக்குக்கூடத் தெரியும். ஒரு கரண்டியிலேயே எனக்கும் தெரிந்தது. தேங்காய்ப்பால் குழம்பில் மாட்டுப் பால் இருக்கிறது என்று தெரிந்துதான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

என் மகள்தான் ஊற்றியிருக்கிறாள் என்று நினைத்தேன். புகுந்த வீட்டுக்கு ஏற்றபடி, எங்கள் ருசி உங்களுக்கெல்லாம் மட்டமாகத் தெரியுமோ என்று வெட்கப்பட்டுப் பாலை ஊற்றி நாகரிகமாக்கப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதுதான் எனக்குச் சுட்டது. கெட்டுப்போன குழம்பை நான் மன்னித்துவிடுவேன்.

"பால் ஊத்தினியாடி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. கேட்பதைவிடக் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது. கசப்பு எதனால் என்று நீங்கள் கேட்டபோதும் தெரியாததுபோல் எழுதினேன், பிறகு மீன், தேங்காய் என்று சந்தேகப்பட்டதுபோலும் எழுதினேன், என் மகளைப் பற்றி உங்களிடம் சொல்ல எனக்கு அவமானமாக இருந்ததால். கோபத்தின் அந்த மீதிப் பாதி என் மேல்தான்.

நீங்கள் இதை என்னிடம் சொல்லி என்ன பயன்? அவளிடம் சொல்லுங்கள். அதே மேஜையில், அதே ஆட்கள் முன்னால். எத்தனை பேர் முன்னால் அவள் தலை குனிந்தாளோ அத்தனை பேர் முன்னால் சொன்னால்தான் கணக்கு சரி. நான் அங்கே இல்லை. அதனால் என் பங்குக்கு நான் அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை ஒரு காகிதத்தில் எழுதி இத்துடன் தனியாக, ஒட்டாமல் வைத்திருக்கிறேன். நீங்கள் பேசி முடித்ததும் அதை அவளிடம் கொடுங்கள். அதற்கு முன்னால் கொடுத்தால், ஐயா, நான் உங்களை எந்த ஜென்மத்திலும் சம்பந்தி என்று கூப்பிட மாட்டேன்.

அவளைப் பெற்றவள்


ஏப்ரல் 19

சம்பந்தியம்மாவுக்கு,

நேற்று நீங்களும் அவளும் ஃபோனில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். இந்தப் பக்கம் நடந்ததை எழுதுவது என் கடமை.

உங்கள் கடிதம் வந்ததும் என்னால் முடியாது என்றுதான் முடிவு செய்தேன். பத்து நாள் அப்படியே போயிற்று. உங்கள் அந்த ஒட்டாத காகிதம் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. கண்ணாடியை எடுக்க இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது. கண்ணாடியை வேறு இடத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி எங்கே என்று மருமகளே தேடிக் கொடுத்தாள்.

போன ஞாயிறு மதியம் அக்காவையும் தையல்காரரையும் அவர் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டேன். நான் அறிந்த நான்கு பதார்த்தத்தில் ஒன்றைச் செய்திருந்தேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு எழுந்து நின்று சொன்னேன். நான் கத்திப் பேசுகிறவன் என்பதால் யாரும் இன்னொரு தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை.

தையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "நான் அன்னிக்கு ரெண்டு கிண்ணம் சாப்பிட்டு நல்லாருக்குன்னு வேற சொன்னேனேய்யா!" என்றார். அவர் மனைவி அவர் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன்.

அக்கா, "உனக்கு வாய்தான் நீளம்னு இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேன். கையும் நீளம்தான் போல" என்றாள். என் மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பேச வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

மருமகள் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"தெரியும் மாமா" என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"அன்னிக்குச் சாயந்திரம் காபி போடப் போனேன். பால் பாத்திரத்தக் கழுவி, துணியால தொடச்சுக் கவுத்து வச்சிருந்துச்சு. இந்த வீட்ல பாத்திரத்தத் தொடச்சுக் கவுக்கிறது யாரு?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பவே உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"எங்கம்மா முன்னாடி உங்களக் காட்டிக் கொடுக்கணுமா? நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். ஒரு வாரம் ஆகும்னு நெனச்சேன்."

"எட்டு மாசம் ஆயிடுச்சு."

"ஆமா" என்றாள். "பிப்ரவரியில மூணு நாள் வீடெல்லாம் தேங்கா வாசனை. ஜன்னலத் தொறந்து வச்சா போயிடுமா மாமா? இந்தா இப்ப சொல்லிடுவாரு, இப்ப சொல்லிடுவாருன்னு பார்த்தேன்" என்றாள்.

உங்கள் வார்த்தை சுட்டதால்தான் அந்தச் சமையலை விட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெறும் பருப்பையும் வெறும் உருளைக்கிழங்கையும் எட்டு மாதம் என் தட்டில் போட்டபடி எதிரில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதைச் சாப்பிட்டுவிட்டு உங்கள் மேல் குற்றம் எழுதினேன்.

எல்லோரும் போன பிறகு உங்கள் காகிதத்தைக் கொடுத்தேன். ஜன்னலோரம் நின்று படித்தாள். மடித்து மூக்குக்கண்ணாடி உறையில் வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் ஆயிற்று. மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்பது மட்டும் தெரியும்.

நேற்று வேலை முடிந்து வரும்போது மீனும் தேங்காயும் ஒரு அன்னாசியும் வாங்கி வந்தாள். நான் சமையலறை வாசலோடு நின்றுகொண்டேன். யாரும் தடுக்கவில்லை, நானேதான். தேங்காயை மட்டும் என்னிடம் நீட்டி, "விரலத் துருவிடாதீங்க" என்றாள். என் கட்டைவிரலில் இருந்த தழும்பையும் பார்த்திருக்கிறாள். துருவிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாசலுக்கு வந்துவிட்டேன்.

அடுப்பை அணைத்து, அன்னாசியைப் போட்டு, எலுமிச்சை பிழிந்து மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். "மாமா, அம்மாகிட்ட பேசிட்டு வரேன். கால் மணி நேரம் யாரும் மூடியத் தொடாம பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

நீங்கள் கால் மணி நேரத்தில் விடவில்லை. ஒரு மணி நேரம் பேசினீர்கள். அந்த ஒரு மணி நேரமும் நான் அந்தச் சட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் சம்பந்தி